ஒரு பில்லியனுக்கு எத்தனை கோடி?

1

மனித குலத்துக்கு ஓர் அறிவிப்பு: அணுவையும் அண்டத்தையும் சேர்த்துக் கட்டும் ஒற்றைக் கயிறு 1954ஆம் ஆண்டு தொண்டியில், ஒரு பள்ளிக்கூடக் கால அட்டவணையின் பின்பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அனைவரும் எழுந்து நிற்கவும்.

உட்காரலாம். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தொண்டி பஸ்ஸில், பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து. கேட்ட அதிர்ச்சியில் இறங்கவேண்டிய ஊரைத் தாண்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'அலைகள் ஆர்ப்பரிக்கும் தொண்டிக் கரையில், தன்னந்தனியாக ஒரு மேதை...'

(அடித்துவிட்டேன். தொண்டிக் கடலின் அலைக்கு ஆர்ப்பரித்துப் பழக்கமில்லை.)

இரண்டாவது: சதக்கத்துல்லா பௌதிக வாத்தியார். அணுவுக்குள் புரோட்டான் எலெக்ட்ரானை மின்சாரத்தாலும் இழுக்கிறது, ஈர்ப்பாலும் இழுக்கிறது. முதல் இழுப்பு எத்தனை மடங்கு பெரிது? இரண்டுக்குப் பின்னால் முப்பத்தொன்பது பூஜ்யம். பிரபஞ்சத்தின் வயதை, ஒளி ஓர் எலெக்ட்ரானைக் கடக்கும் நேரத்தால் அளந்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் வருகிறது என்று சீமையில் பெரிய தலைகள் வியந்துகொண்டிருந்தன.

அந்த 'ஏறக்குறைய' வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை.

அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் பிரபஞ்சத்தின் வயதை எடுத்தார்: நான்கு பில்லியன் ஆண்டு. கணக்குப் போட்டார். எண் எக்கச்சக்கமாக வீங்கிவிட்டது. புரோட்டான் எலெக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம், அதனால் வகுத்தார். இன்னும் கொஞ்சம் மிச்சம். வட்டத்தின் 'பை'யால் வகுத்தார். அச்சாகப் பொருந்தியது.

(ஏன் பை? கேட்காதீர்கள். கதை பொருந்தாதபோது நானும் ஒரு சாவைப் போட்டு வகுப்பவன்தான்.)

அன்று மத்தியானமே இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று சீமைப் பல்கலைக்கழகத்துக்கு. இன்னொன்று பள்ளித் தாளாளருக்கு, ராஜினாமா: 'பிரபஞ்சம் அழைப்பதால்.' மனைவி நஸீராவிடம் முதல் கடிதத்தைப் பற்றி மட்டும் சொன்னார்.

3

சாயங்காலம் நஸீராவின் தம்பி சுஐபு வந்தான். அமெரிக்கக் கப்பலில் ஆறு வருஷம் சமையல் பார்த்தவன். அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், பில்லியன்னு இங்கன எவ்வளவு போட்டீக?"

"லட்சம் கோடி. பள்ளிக்கூடத்துல படிச்சதுதான்."

"அது இங்கிலீஷ்காரன் பில்லியன். அமெரிக்காக்காரனுக்கு நூறு கோடிதான். கப்பல் ரேடியோவைக் கேட்டு நானும் முழிச்சிருக்கேன்."

ஆயிரம் மடங்கு. வாத்தியார் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே மறுபடியும் உட்கார்ந்தார். 1836ம் பையும் இயற்கையின் ரகசியங்கள் அல்ல. மூன்று உபரி பூஜ்யங்களைச் சுமந்த கூலியாட்கள். அவற்றை இறக்கிவிட்டால் மிஞ்சுவது சீமைக்காரர்களின் பழைய 'ஏறக்குறைய'.

"அப்ப உலகத்துக்கு வயசு குறைஞ்சுபோச்சா?" என்றாள் நஸீரா. "நல்லதுதான, இளந்தாரியாயிருச்சு. மொகத்தை ஏன் இப்படி வச்சிருக்கீக? நாளைக்கிப் பள்ளிக்கூடத்துல பிள்ளைககிட்டச் சொல்லிச் சிரிங்க."

"நஸீரா, நாளைக்கி..."

(முதல் பிரதியில் அவளை இங்கே அழவைத்தேன். நானே நம்பவில்லை.)

அவள் கேட்டது ஒரே கேள்வி: "பள்ளிக்கூடத்துக்கு என்னத்த எழுதிக் குடுத்தீக?"

4

முடிவுகள். (அ) தபால் ஏறிய பஸ்ஸைச் சுஐபு சைக்கிளில் துரத்திப் பிடிக்கிறான். (ஆ) 'பிழையிலும் மேதைமை' என்று சீமை பதில் போடுகிறது. (இ) தாளாளர் ராஜினாமாவைக் கிழித்துவிட்டு வாத்தியாரைக் கட்டித் தழுவி... இல்லை, அந்தத் தாளாளரை எனக்குத் தெரியும்.

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் பையால் வகுக்கவும்.

சீமைக் கடிதம் தபால்தலை போதாமல் தொண்டிக்கே திரும்பி வந்தது. ராஜினாமாவை வாத்தியார் நேரில் கொடுத்திருந்தார்.