தம்பலகாமத்துச் சிரிப்பு

அது அறுபத்து நான்காம் வருசமா ஐந்தா என்பது எனக்கு நிச்சயமில்லை. யார் என்ன சொன்னார்கள் என்பதையும் பிறகு நானே மாற்றி வைத்திருக்கலாம். அதில் எனக்கும் பங்கு இருந்தது. அதனால் என் நினைவை நானே முழுதாக நம்புவதில்லை.

இராசதுரை எங்கள் ஊர்த் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் மாலுமிகளின் கச்சேரிகளுக்குக் கதிரை அடுக்கத் தொடங்கியவர். பிறகு விளக்குக் கட்டினார், மண்டபம் பேசினார், நடிகர்களைத் தேடினார். ஐம்பத்தேழில் கடற்படை போனபின் தமிழ் நாடகம் போட ஆரம்பித்தார். பகலில் களஞ்சியம், பின்னேரம் ஒத்திகை. இரண்டையும் இழுத்துக் களைத்துப் போயிருந்தார். கொழும்பு மண்டபக்காரர் ஒருவர், நாடகம் பிடித்தால் தன் மண்டபத்தில் பத்து நாள் போட இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். கிடைத்தால் வேலையை விட்டுவிடுவது என்று இராசதுரை முடிவு செய்திருந்தார்.

ஆனால் கொழும்பில் போடுவதானால் மேடையில் பேசும் ஒவ்வொரு சொல்லையும் எழுதி அனுப்பி, அரசாங்க அனுமதி முத்திரை வாங்க வேண்டும்.

எங்கள் நாடகங்களில் சிரிப்புக் காட்டும் பபூனுக்கு மட்டும் வசனம் எழுதுவதில்லை. பபூனாக வரும் ஆதம்பாவா கிண்ணியாக்காரர்; எங்களுக்கு அண்ணன் மாதிரி, ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். நாடகம் நடக்கும் ஊருக்குக் காலையிலேயே போய், தேத்தண்ணிக் கடையில் ஊர்க்கதை கேட்டு, அதையே மேடையில் அவிழ்த்துவிடுவார். இராசதுரை ஒரு வழி கண்டார். வயலூரான தம்பலகாமத்தில் நாடகம் போட்டபோது ஆதம்பாவா பேசியதையெல்லாம், வசனம் எடுத்துக்கொடுக்கும் நான் திரைக்குப் பின்னால் இருந்து எழுதினேன். கொழும்புக்கு அனுப்பினோம்; அது முத்திரையோடு திரும்பி வந்தது.

கொழும்பில் போடப்போகும் நாடகத்தைப் பார்க்க அந்தக் கொழும்புக்காரர் எங்கள் நகரமண்டபத்துக்கு வந்த அன்று பின்னேரம், இராசதுரை அந்தத் தாள்களை நீட்டினார்.

“என்ன தம்பி இது, பழஞ்சோறா?” என்றார் ஆதம்பாவா.

“நீங்கள் சொன்னதுதானே நானா.”

“சொன்னது நான்தான். கேட்டது தம்பலகாமத்தான். இவங்களுக்கு அந்த உழவு றக்ரர்க்காரனைத் தெரியுமா?”

“ஒரு சொல்லும் மாத்த ஏலாது. முத்திரை குத்தியாச்சு.”

“அப்ப முத்திரையை மேடையில ஏத்துங்க. நான் வீட்ட போறன்.”

கதாநாயகி கமலேஸ்வரி பவுடர் பூசியபடியே, “போங்கோ நானா. வீட்ட போனா அரிசி புடைக்க விடுவா உங்கட ஆள்,” என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டு தாளை வாங்கினார்.

மேடையில் முதல் வசனத்தைச் சொன்னார். “ஒருத்தன் புது றக்ரரை ஆனைக்குப் பயந்து குசினிக்குள்ள நிப்பாட்டினானாம். இப்ப பெண்சாதி வயலுக்க சமைக்கிறாளாம்!”

தம்பலகாமத்தில் அந்த றக்ரர்க்காரரே முன்வரிசையில் இருந்தார். சனம் சிரித்து ஓய வெகுநேரம் எடுத்தது. இங்கே யாரோ இருமினார்கள்.

ஆதம்பாவா பேச்சை நிறுத்தி, திரையோரம் நின்ற எங்களைப் பார்த்தார். அன்று காலை தோணியில் ஒரு மாப்பிள்ளையும் ஆட்டுக்கடாவும் பட்ட பாட்டை எனக்குச் சொல்லியிருந்தார். அது அவர் வாயில் நிற்பது எனக்குத் தெரிந்தது. இராசதுரைக்கும் தெரிந்தது. ஆனால் கொழும்புக்காரரின் மடியில் முத்திரையிட்ட பிரதி விரிந்து கிடந்தது. மண்டபம் முழுதும் காத்திருந்தது.

இராசதுரை இல்லையென்று தலையசைத்தார். நான் அடுத்த வசனத்தை எடுத்துக்கொடுத்தேன். எடுத்துக்கொடுக்காமல் விட்டிருக்கலாம்.

ஆதம்பாவா கடைசிவரை ஒரு சொல்லும் பிசகாமல் பேசினார். யாரும் சிரிக்கவில்லை.

“ஒழுங்கான குழு,” என்றார் கொழும்புக்காரர். “பத்து நாளும் தரலாம். அந்தப் பபூனுக்கு மட்டும் வேற ஆளைப் போடுங்கோ.”

இராசதுரை திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் ஆதம்பாவா முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அது ஏலாது,” என்றார் இராசதுரை.

கொழும்புக்காரர் பத்து நாளையும் தராமலே மறுநாள் போய்விட்டார். இராசதுரை எழுபத்தாறில் களஞ்சியத்திலிருந்தே ஓய்வு பெற்றார்; அதன்பின் நாடகம் போடவில்லை. ஆதம்பாவா எங்களோடு இன்னும் இரண்டு நாடகங்களில் நடித்தார். பிறகு குறிஞ்சாக்கேணியில் கடை வைத்திருந்து எழுபத்தொன்பதில் மௌத்தாகி அங்கேயே அடங்கினார். கமலேஸ்வரி கல்யாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போனாள். நான் அன்புவழிபுரத்தில் இருக்கிறேன்.