முதலில் பழியை ஏற்பவர்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்து. விடிய விடியக் கொட்டிய மழை தூறலாகச் சுருங்கியிருந்தது. நான்காம் மாடிக் கூட்ட அறையில் விளக்குகளை அணைக்க முடியாத அளவுக்கு இருட்டு. ஆம்புலன்ஸ்களுக்கு அழைப்புகளைப் பிரித்தனுப்பும் மென்பொருள் ஞாயிறன்று ஓர் அழைப்பை விழுங்கிவிட்டது. அழைத்த வீட்டில் ஒருவர் இறந்துபோனார். அது எப்படி விழுங்கியது என்பதைக் கண்டுபிடிக்கவே கூடியிருந்தார்கள். அதுவரை ஆட்கள் தொலைபேசியில் சொல்லியே வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

தலைமைப் பொறியாளர் தொலைதூர ஊரொன்றில் பிறந்து வளர்ந்து, அங்கேயே தொழில் கற்று வந்தவர். பேசும் மொழி ஒன்றுதான்; கற்ற விதம் வேறு. எல்லோர் முன்னிலையிலும் கேள்விக்குமேல் கேள்வி கேட்டால் உண்மை தானே வெளிவரும் என்பது அவருக்குக் கற்பிக்கப்பட்டது. தம்மை மறுத்துப் பேசுவோரிடம் அவருக்கு வருத்தமே இல்லை. பேசாமல் இருப்பவர் ஒப்புக்கொண்டவர், அவ்வளவுதான்.

குழுத்தலைவியை எல்லோரும் அக்கா என்றே அழைத்தார்கள். அவள் வேலை பழகிய இடங்களில் ஏதாவது உடைந்தால் மூத்தவர் முந்திக்கொண்டு பழியைத் தம் தலையில் போட்டுக்கொள்வார். அது வாக்குமூலம் அன்று. மற்றவர்களின் பயம் தெளியும். பிறகு தனியறையில், தேநீர் ஆறுவதற்குள், யார் எதைப் பார்த்தார்கள் என்பதெல்லாம் வாய்விட்டு வந்துவிடும். அந்த வழி அவளை ஒருபோதும் கைவிட்டதில்லை.

தலைமைப் பொறியாளரின் மூன்றாவது கேள்விக்கே மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தாள்களைப் புரட்டத் தொடங்கினார்கள். அக்கா எழுந்தாள்.

"என் தப்புதான் சார். நான் இன்னும் கவனமா பாத்திருக்கணும்."

"யாருக்காவது வேற கருத்து இருக்கா?"

எதற்கெடுத்தாலும் சந்தேகம் கிளப்பி 'டவுட்டு' என்று பெயர் வாங்கிய சோதனைப் பொறியாளர் வாயைத் திறந்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கூட்டம் முடிந்தது.

நடைபாதையில் அக்கா அவரை மடக்கினாள்.

"என்னய்யா, உலகத்துல எல்லாத்துக்கும் டவுட்டு கேப்பே. அங்க மட்டும் வாயில பூட்டா?"

"நீங்க உங்க தப்புன்னு சொன்னப்புறம் நான் எந்திரிச்சு இல்லைன்னா, அத்தன பேர் முன்னாடி உங்கள பொய்க்காரின்னு சொன்ன மாதிரி ஆயிடாதாக்கா?"

"சரி, இப்பக் கொட்டு."

"ஞாயித்துக்கிழம ரெண்டு சர்வரோட கடிகாரமும் ஒத்துப்போகல. ஒண்ணு நாலு நிமிஷம் முந்தி ஓடுச்சு. மத்ததுலேருந்து அதுக்கு மாறி வர்ற புது அழைப்பு பழசாத்தான் தெரியும். பழசுன்னா தூக்கிப் போட்டுரும்ல?"

விசாரணை முடிந்தால் அதே மென்பொருளை மறுபடி ஓடவிடுவார்கள். டவுட்டை இழுத்துக்கொண்டு தலைமைப் பொறியாளரிடம் போனாள்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். திரையைத் தம் பக்கம் திருப்பி, இரு கடிகாரங்களையும் தாமே சரிபார்த்தார்.

"ஒத்துதானே இருக்கு?"

"ஞாயித்துக்கிழம ராத்திரி ரீஸ்டார்ட் பண்ணோம் சார். அதுல நேராயிடுச்சு. நாள் போகப்போகத் திரும்ப விலகும்," என்றார் டவுட்டு.

"காலையில ஏன் சொல்லல?"

டவுட்டு அக்காவைப் பார்த்தார். தலைமைப் பொறியாளர் அக்காவிடம் திரும்பினார்.

"உங்க தப்புன்னு சொன்னீங்க. இப்பக் கடிகாரம்ங்கிறீங்க. ரெண்டுல எது பொய்?"

"பொய் இல்ல சார். அது எங்க வழக்கம். பெரியவங்க முதல்ல ஏத்துக்குவோம், அப்பறமா தேடுவோம்."

"ஒருத்தர் செத்திருக்கார்மா. அதுல வழக்கமா?"

அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருந்தால் கெஞ்சிப் பார்த்திருக்கலாம். அவர் கண்ணுக்குத் தெரிந்தது, வேலை போய்விடுமே என்று நடைபாதையில் கூடிப் பேசிக் கதை கட்டிவந்த இருவர்தாம். அவள் என்ன சொல்லியும் அந்தப் பார்வை மாறவில்லை.

மாலை நான்கு மணிக்குப் பணியாளர் பிரிவு அலுவலர் ஒரு தாளோடு அவள் இருக்கைக்கு வந்து, அதைப் படித்துக் காட்டினார். தவறு ஒப்புக்கொள்ளப்பட்டதாலும், பின்னர் அதை மறைக்க முயன்றதாலும் குழுத்தலைவி பணிநீக்கம் செய்யப்படுகிறார். காரணம் கண்டறியப்பட்டுவிட்டதால் மென்பொருள் ஆறு மணி முதல் மீண்டும் இயங்கும். அடியில் தலைமைப் பொறியாளரின் கையெழுத்து.

"என்னப் பத்தினது இருக்கட்டும் தம்பி. இந்த ஆறு மணி சமாச்சாரத்த மட்டும் நிறுத்த வழி இருக்கா?"

"நான் குடுக்க வந்தவன்தான்க்கா."

அவர் தாளை இரண்டு கைகளாலும் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.