மலைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள்

கேரளத்தில் பீர்மேட்டுக்கு அருகில் உள்ள ஒரு பஜாரில், பஸ் வெயிட்டிங் ஷெட்டில் ஆசீர்வாதமும் அவர் மனைவி ரோசியும் படுக்கத் தொடங்கியது, அவர்கள் குடியிருந்த, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லயத்தின் கூரை மழையில் சரிந்த பிறகுதான். எஸ்டேட்டைப் பூட்டிப் பல வருடம் ஆகியிருந்தது. கூரையைச் சரிசெய்து தர ஆளில்லை. பிள்ளைகளும் இல்லை. ஆசீர்வாதத்துக்கு இடுப்பு போய்விட்டது. ரோசிக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும் சுற்றுலாக்காரர்களிடம் அவர் கை நீட்டுவார். அவள் அவருடைய சட்டை நுனியைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பாள்.

சீசன் நெருங்கியதும் வியாபாரிகள் வார்டு மெம்பர் மரியஜோசப்பிடம் வந்தார்கள். அவருக்கும் அந்த பஜாரில்தான் ஹார்டுவேர் கடை. ஷெட்டில் நாற்றம் தாங்கவில்லை, குடும்பத்தோடு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றார்கள். அவர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். ஏதாவது காப்பகத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்; எந்தக் காப்பகம் என்று கேட்கவில்லை.

போலீஸ் ஜீப் இருவரையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி, எல்லை தாண்டி, கம்பத்தில் சந்தைப் பக்கம் விட்டுவிட்டுத் திரும்பியது. தமிழ் பேசுகிறவர்கள், தமிழ்நாட்டில் இருந்துகொள்ளட்டும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. இருவரும் பிறந்ததே லயத்தில்தான். ஆசீர்வாதம் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில், சந்தைக் கூட்டத்தில் ரோசி காணாமல் போனாள்.

சில நாட்கள் தேடியலைந்துவிட்டு அவர் தனியாக ஷெட்டுக்குத் திரும்பிவந்தார். நடந்ததைக் கேட்டு மரியஜோசப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த முறை ஸ்டேஷனை நம்பாமல் தானே அலைந்து, தொடுபுழையில் ஆண்களுக்கான முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பிடித்தார். கட்டில், சாப்பாடு, மருந்து எல்லாம் உண்டு என்று சொல்லி அழைத்தார். ஆசீர்வாதம் எழுந்திருக்கவே இல்லை.

“நான் அங்கிட்டுப் போயிட்டா, அவ இங்க வந்து யாரத் தேடுவா மெம்பர்? அவளுக்குத் தெரிஞ்சது இந்த எடம் மட்டுந்தான்.”

வியாபாரிகளுக்கு இது வெறும் வீம்பாகத் தெரிந்தது. நல்லது செய்தாலும் வேண்டாம் என்கிறவனை மறுபடி ஜீப்பில் ஏற்றத்தான் வேண்டும் என்றார்கள். எஸ்.ஐ.யும் வந்து நின்றார். மரியஜோசப் குறுக்கே போய், ஒரு வாரம் பொறுங்கள், அந்த அம்மாளைக் கண்டுபிடித்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். எஸ்.ஐ. அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

மகள் சிஞ்சுவைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, மரியஜோசப் ஆசீர்வாதத்தையும் கூட்டிக்கொண்டு கம்பத்துக்கு இறங்கினார். ஆஸ்பத்திரி, கோயில், பஸ் ஸ்டாண்ட் என்று விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு பெண்கள் காப்பகத்தில் ரோசியைப் பார்த்தார்கள். பிச்சை எடுத்தாள் என்று பிடித்த அந்த ஊர்ப் போலீஸ் அவளை அங்கே விட்டிருந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆசீர்வாதத்தைப் பார்த்ததும் வந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

காப்பகத்தை நடத்துகிற அம்மாள் நல்லவிதமாகத்தான் பேசினாள். ரோசி எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஆண்களைச் சேர்க்க முடியாது என்றாள். தொடுபுழைக்குப் போன் செய்தால், அங்கே பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். புருஷனையும் பெண்டாட்டியையும் ஒன்றாக வைத்துக்கொள்கிற இடம், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மரியஜோசப்புக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை.

கடைக்குப் பின்னால் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்த அறையை அவர்களுக்காகக் காலிசெய்தார். வியாபாரிகளில் சிலர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எலெக்‌ஷன் வரட்டும், பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் காதுபடவே சொன்னார்.

இருவரும் வந்து சேர்ந்த அன்று, வேறு ஏதாவது வேண்டுமா என்று மரியஜோசப் கேட்டார். ஒரு நல்ல வார்த்தையை அவர் மனம் எதிர்பார்த்திருக்கலாம்.

ஆசீர்வாதம் கதவைத் தடவிப் பார்த்தார். “உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தாங்கய்யா. வெளிய இருந்து யாரும் தொறக்கக் கூடாது.”

“இங்க யாரு வந்து உங்களப் புடிச்சிட்டுப் போகப் போறா?”

“அன்னைக்கு ஜீப்ப வரச் சொன்னது நீங்கதான்னு எனக்குத் தெரியும்.” குரலில் கோபம் இல்லை.

மரியஜோசப் கடையில் இருந்ததிலேயே கனமான தாழ்ப்பாளை எடுத்துவந்து, தானே திருகி முடுக்கினார். அவர் வெளியே வந்ததும் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. உள்ளே ரோசி ஏதோ கேட்டாள். இனி பயமில்லை என்று ஆசீர்வாதம் அவளிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். மரியஜோசப் கடைக்குள் போனார்.