தேர்க் கொட்டகையில் இரண்டு சைக்கிள்

ஜாஸ்மின் போன் செய்தபோது ஸ்டெல்லா செஞ்சி கடைவீதியில், தான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில், ஒரு கல்யாண வீட்டாருக்குப் பதினோராவது புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நைனா வந்துட்டாரு. கொட்டகை சாவிய எடுத்துக்கினு கோயிலாண்ட போயிட்டாரு."

"நாளைக்குத்தானேடி வரேன்னாரு?"

"தேருக்கு லைட்டு போடறவங்க இன்னிக்கே வந்துட்டாங்களாம். நான் இன்னா பண்றது?"

ஸ்டெல்லா போனை வைத்தாள். புடவையைப் பக்கத்தில் நின்ற கடைப்பெண் அனுஷாவின் கையில் திணித்தாள். முதலாளியிடம் வீட்டில் அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

விஷயம் இதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல்கட்டு. இந்த வாடகை வீட்டில் மூன்று பேர், மூன்று சைக்கிள். மூன்றையும் உள்ளே ஏற்றினால் பாய் போட இடமிருக்காது. புருஷன் தோமினிக் கொத்தனார். ஒரு சைக்கிளையாவது சுவரில் மாட்டலாம் என்று கொக்கி அடித்தான். ஊருக்கெல்லாம் சுவர் எழுப்புகிறவன் அடித்த அடியில் காரை பொலபொலவென்று பெயர்ந்து விழ, வீட்டுக்காரர் வந்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார். அதற்கப்புறம் சந்தில்தான் நிறுத்தினார்கள். ஒரு காலையில் பார்த்தால் ஜாஸ்மினின் சைக்கிளைக் காணோம். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த புது வண்டி. பிள்ளை இருபது நாள் நான்கு கிலோமீட்டர் நடந்தது. பழைய வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்த தோமினிக், "இதுவும் போச்சுன்னா எங்கிட்ட வழியில்ல" என்று சொல்லிவிட்டான்.

சந்து முனையிலேயே கோயிலின் தேர்க் கொட்டகை இருக்கிறது. வருஷத்தில் நான்கு நாள் வெளியே வரும் மாதா தேர், மீதி நாளெல்லாம் அவ்வளவு பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கும். அதன் சாவி ஒன்பது வருஷமாகத் தோமினிக்கிடம்தான். அவனுக்கென்று ஊரில் இருந்த ஒரே மரியாதை அது. ஸ்டெல்லா ஒருமுறை கேட்டும் பார்த்தாள். "சாமி எடத்துல சைக்கிளா? இன்னா பேச்சு பேசற நீ" என்று அவன் அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்துவிட்டான்.

அவன் திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறினால் புதுச்சேரியில் வேலை முடித்துச் சனிக்கிழமைதான் வருவான். சாவியோ வீட்டு ஆணியில் தொங்கியது. ஸ்டெல்லா நான்கு மாதமாக வார நாட்களில் மூன்று சைக்கிளையும் கொட்டகையில் விட்டாள். கதவைப் பூட்டியது போதாதென்று தேரின் இரும்புச் சக்கரத்தோடு சேர்த்துச் சங்கிலியும் போட்டாள். ஒருமுறை பறிகொடுத்தவளுக்கு ஒரு பூட்டில் நம்பிக்கை வருமா? சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். ஐந்து நாள் காலை நீட்டிப் படுத்துவிட்டு, இரண்டு நாள் ஹேண்டில் இடிக்கிறது என்று அவனோடு சேர்ந்து முனகத்தான் அவளுக்குச் சிரமமாக இருந்தது.

திருவிழாவுக்கு நாளைக்குத்தான் கொட்டகையைத் திறப்பார்கள், இன்று சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு; ஜாஸ்மினின் வண்டியும் தோமினிக்கின் வண்டியும் உள்ளேதான் நின்றன. சங்கிலிச் சாவி பர்ஸில் கிடந்தது. அவள் போவதற்குள் கொட்டகைக் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தது. பதினைந்து ஆண்கள் வடத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். ஒருவரும் இழுக்கவில்லை.

"தோமினிக்கு, உன் சைக்கிளுதானே இது?" என்று கேட்டார் சாமுவேல். கோயில் கமிட்டியில் பெரியவர். அந்தச் சாவிமேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். "பேரு வேற எழுதிக்கிது."

ஸ்டெல்லா சைக்கிளை விட்டு இறங்கினாள். முன்னால் போய் நான்தான் என்று சொல்ல வேண்டும். பர்ஸைக் கையில் எடுத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஒன்பது வருஷ மரியாதையை ஒரு சங்கிலியில் கட்டித் தெருவில் போட்டுவிட்டோமே என்று இருந்தது. தோமினிக் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் முகத்தையும் பார்த்தான், கையிலிருந்த பர்ஸையும் பார்த்தான்.

"என்னுதுதாண்ணா. நான்தான் இங்க வுட சொன்னேன். வீட்ல எடமில்ல" என்றான் எல்லோருக்கும் கேட்கிறாற்போல. பிறகு அவளிடம் கையை நீட்டினான். "சங்கிலி சாவி குடு."

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில், குழம்பில் தானே போட்ட உப்பைக்கூடத் தன் தப்பு என்று ஒப்புக்கொள்ளாத மனிதன்.

அவன் சங்கிலியைக் கழற்றிச் சைக்கிள்களை வெளியே எடுத்துவைப்பதற்குள் கோயில் பங்களாவிலிருந்து ஃபாதர் வந்துவிட்டார். "மாதா தேர்ல சைக்கிள் கட்றதுங்களா ஃபாதர்?" என்று சாமுவேல் ஆரம்பித்தார். "சாவி யாராண்ட இருக்கணும்னு இன்னிக்கே பேசிடணும்."

அப்போது அவலூர்பேட்டையிலிருந்து லைட்டு போட வந்த இளவரசன் தேருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "போன வருஷம் எலிக்கூட்ட வாரிப் போடவே அரை நாளு ஆச்சு ஃபாதர். வடத்தக்கூட கடிச்சி வெச்சிருந்துச்சி. இப்ப ஒரு புழுக்க இல்ல. யாரோ தெனம் பெருக்கிக்கினு இருக்கறாங்க."

"யாரு பெருக்கறது?" என்றார் ஃபாதர்.

தோமினிக்குக்கு அது தெரியாது. ஸ்டெல்லாவைப் பார்த்தான். இதற்கும் அவனை விட்டால் நன்றாயிருக்காது என்று ஸ்டெல்லாவுக்கே தைரியம் வந்தது. "நான்தான் ஃபாதர். வர்றப்பல்லாம் ஒரு தபா பெருக்கிடுவேன்."

ஃபாதர் தேரடியைக் குனிந்து பார்த்தார். "பெருக்கறவங்ககிட்டயே சாவி இருக்கட்டும் சாமுவேல். சைக்கிளும் இருக்கட்டும். தேர்ல மட்டும் கட்டாதீங்கம்மா, சக்கரம் தேயும். செவுத்துல ஒரு வளையம் பதிச்சிக்குங்க. கொத்தனார் வீட்லயே இருக்காரே."

யாரோ சிரித்தார்கள். சாமுவேலும் கடைசியில் சிரித்துவிட்டு வடத்தைப் பிடித்தார். தேர் முதல் இழுப்பிலேயே நகர்ந்தது.

இருவரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் நடந்தார்கள். தோமினிக்கின் இரண்டு கையிலும் ஒவ்வொரு வண்டி.

"எதுக்கு நீங்கதான்னு சொன்னீங்க? ஃபாதரு வேற மாதிரி பேசியிருந்தா சாவி போயிருக்குமே."

"போனா போவட்டும்." ஒரு ஹேண்டிலைச் சுவரில் இடிக்காமல் திருப்பினான். "பாப்பா நடந்துச்சே இருவது நாளு, புதுச்சேரில எனக்கு ஒரு நாளு கூட சோறு எறங்கல. நான் இல்லாதப்ப எடமில்லன்னு சந்துல வுட்டுடுவீங்க, இதுவும் எந்த ராத்திரி போவப்போவுதோன்னு தூங்காம படுத்துக்கினே கெடப்பேன். இன்னிக்குக் கொட்டகையத் தொறந்தா, சங்கிலி போட்டு நிக்கிது. கோவம் வரும்னுதான் பாத்தேன். அப்பாடான்னு இருந்துச்சி."

ஸ்டெல்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. சந்து ஒடுக்கம், வண்டிகளோடு ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். அவள் முன்னால் போனதால் அவன் பார்க்கவில்லை.