சாட்சியின் முகவரி

அந்தக் காகிதத்தைக் காட்டவே கூடாது என்றுதான் ஹபீபா வீட்டை விட்டுக் கிளம்பினாள். மனுஷனை நாலு பேர் முன்னால் எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும் என்று நினைத்தாள். அவ்வளவு நல்லவளாக இருந்திருக்க வேண்டாம்.

தாராவியில் அவளுக்கு இருப்பது ஒரு மாடி அறை. படுப்பதும் அங்கே, தோல் பை தைத்துப் பிழைப்பதும் அங்கே. எல்லாவற்றையும் இடித்துக் கட்டப்போகிறார்களாம். கீழே இருப்பவனுக்கு மாற்றுவீடு உறுதி. மாடிக்காரி மட்டும் தன் மாடி இரண்டாயிரமாவது வருடத்துக்கு முந்தையது என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் தெருதான்.

அவள் மனுவை விசாரித்த தலைமை அதிகாரி ஞானசேகரன். ஒரு காலத்தில் அவளுடைய அதே மாடியில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்து, சட்டம் படித்து, வாசலில் வக்கீல் போர்டு மாட்டியவர். ஒருமுறை மாடியை இடிக்க ஆள் வந்தபோது கோர்ட்டுக்கு ஓடித் தடை வாங்கினார். சந்தே அவரைத் தூக்கிக் கொண்டாடியது. அப்புறம் அரசு வக்கீல், செயலாளர், இப்போது இந்த நாற்காலி.

ரேஷன் கார்டில் மாடி என்று இல்லை, கரண்ட் பில் கீழ்வீட்டுக்காரன் பெயரில் இருக்கிறது, ஆதாரம் போதாது என்றார். அதையும் தமிழே தெரியாதவர் மாதிரி இந்தியில் சொன்னார். ஹபீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தை எடுத்து மேஜையில் போட்டாள்.

தொண்ணூற்றெட்டில் அந்தத் தடைக்காக அவரே கோர்ட்டில் கொடுத்த அபிடவிட் அது. 'இந்த மாடியில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன்' என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு தமிழ் வந்துவிட்டது.

"இதை நான் விசாரிக்கக் கூடாது, ஹபீபா. நானே அங்க இருந்தவன். வேற அதிகாரிக்கு மாத்தி விடுதேன்."

சட்டப்படி சரிதான். நழுவுவதற்கும் சட்டம் படித்திருக்கிறார். ஒரு மாடியை ஒத்துக்கொண்டால் சந்து முழுக்க ஒத்துக்கொள்ள வேண்டிவரும்; மேலிடத்துக்கு அது பிடிக்காது.

"விசாரிக்க முடியாதுன்னா விட்டிருங்க. சாட்சியா வந்து நில்லுங்க, வக்கீலண்ணே."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். குமாஸ்தா மாற்று விசாரணைக்கான படிவத்தை நீட்டினான். அதில் சாட்சிக்கு ஒரு கட்டம் இருந்தது. ஹபீபா நகரவில்லை. அவர் மேஜை மேலேயே வைத்து, பேனாவை அழுத்தி எழுதினாள். பெயர், ஞானசேகரன். முகவரிக்கு அவருடைய சர்க்கார் பங்களாவை எழுதவில்லை. தன் மாடியை எழுதி, அவர் படிக்கிற மாதிரி திருப்பி வைத்தாள்.