எந்தச் சாவி?

பூட்டுக்காரரின் மகளுக்கு எட்டு வயது. அவள் கத்தினால் கடையில் தொங்கும் இருநூறு சாவிகளும் கிணுகிணுக்கும். ஒருமுறை எதிர்வீட்டுப் பூட்டு பயந்துபோய்த் தானாகவே திறந்துகொண்டது என்று பூட்டுக்காரர் சத்தியம் செய்வார். அது பொய்யாக இருக்கலாம். ஆனால் போன செவ்வாய்க்கிழமை அவர் மனைவியின் வலக்கை, மகளின் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது பொய்யில்லை. அவரும் பார்த்தார், மகளும் பார்த்தாள். அன்றைக்கு மனைவி அந்தக் கையால் சாப்பிடப் பிடிக்காமல் இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள்.

"அடுத்த தடவை நிக்குமான்னு தெரியலைங்க," என்றாள்.

இப்படிக் கட்டுக்கடங்காமல் கத்தும் பிள்ளைகளின் பெற்றோருக்கென்று மருத்துவமனையில் வாரம் ஒரு வகுப்பு உண்டு. அங்கே ஆலோசகர் ஒரு வழி சொன்னார்.

"அவ வேணும்னே பண்ணலைம்மா. ஆனா உங்க பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கில்ல? ரெண்டு பேரும் ஒரு வார்த்தை வச்சுக்குங்க. தாங்கலைன்னா சொல்லிடுங்க. கேட்டவர் கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடி வரணும். கேள்வி கூடாது, புத்திமதி கூடாது. சொன்னவர் பத்து நிமிசம் வெளிய போயிடணும்."

பூட்டுக்காரர் வாயில் வந்த முதல் வார்த்தையைச் சொன்னார். "சாவி."

ஆலோசகரும் எழுதிக்கொண்டார். மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் மாலை. முன்னறையில் கடை, திரைக்குப் பின்னால் வீடு. பூட்டுக்காரர் ஒரு மீசைக்காரருக்கு அரத்தால் சாவி ராவிக்கொண்டிருந்தார். உள்ளே கலவரம் தொடங்கியது. ரொட்டியை அம்மா இரண்டாக வெட்டியது குற்றம். மறுபடி ஒட்டித் தரவேண்டும் என்பது கோரிக்கை. தட்டு விழுந்தது. பிறகு நாற்காலி.

"சாவி," என்றாள் மனைவி.

"எந்தச் சாவி?"

"சாவிங்க."

"பீரோ சாவியா, பின்வாசல் சாவியா?"

"இந்தா, நீயே பாத்துக்க," என்று கொத்தைத் திரைக்கு மேலாக வீசினார்.

"பாவம், எதையோ தொலைச்சிட்டாங்க போல," என்றார் மீசைக்காரர்.

சட்டென்று உள்ளே சத்தம் நின்றது. அந்த வீட்டில் சத்தம் படிப்படியாக இறங்குமே தவிர, எட்டு வருடத்தில் ஒருநாளும் இப்படி நின்றதில்லை. பூட்டுக்காரரின் கையில் அரமும் நின்றது. சாவி. அட மடையா.

உள்ளே மனைவி தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்திருந்தாள். எதிரே மகள், ஓங்கிய கையில் சாவிக்கொத்து.

"அடிக்கலை," என்றாள் மனைவி. "இன்னும் அடிக்கலை. எந்திரிச்சா அடிச்சிடுவேன்."

அவர் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். கொத்து அவர் தோளில் வந்து விழுந்தது. கேள்வி கேட்கவில்லை, புத்திமதி சொல்லவில்லை. மனைவி கைகளை அக்குளில் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த வகுப்பில் வார்த்தை மாறியது. வீட்டில் இல்லாதது, கடையில் விற்காதது, சொந்தக்காரர் எவருக்கும் பட்டப்பெயராக இல்லாதது என்று தேடி, கடைசியில் ஒட்டகத்தில் வந்து நின்றார்கள்.

சனிக்கிழமை மீசைக்காரர் இன்னொரு சாவிக்கு வந்திருந்தார். உள்ளே காலுறையின் தையல் கோணல் என்று வழக்கு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஒட்டகம்," என்றாள் மனைவி.

பூட்டுக்காரர் அரத்தைப் போட்டார், மேசையைத் தாண்டினார். தாண்டிய வேகத்தில் பாதி மீசை பறந்துவிட்டது என்று மீசைக்காரர் பிற்பாடு புகார் சொன்னார். உள்ளே மனைவியின் வலக்கை இடுப்புக்குக் கீழேதான் இருந்தது. அவள் அவரைத் தாண்டி வெளியே போனாள். அவர் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் அவர் முழங்காலைத் தாளம் தவறாமல் உதைக்க ஆரம்பித்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் மீசைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏம்மா, உள்ள ஒட்டகமா வளர்க்கிறீங்க?"

"இல்லைங்க. அது நான்தான். பத்து நிமிசம் மேய விட்டிருக்காங்க."

மீசைக்காரர் அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பூட்டுக்காரர் இன்னொரு முழங்காலையும் நீட்டிக் கொடுத்தார். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.