குதிரை வண்டி பார்க்கப் போன ஞாயிறு

1
இந்தக் கதை என் மாமனாரின் கடிதத்தில் பிறந்தது என்று தொடங்கினேன். வெட்டிவிட்டேன். அந்தக் கடிதத்தை நான் ஒளித்ததில் பிறந்தது. கதாநாயகனை நல்லவனாகக் காட்டப் பலமுறை முயன்றேன், வாசகரே. சரிவரவில்லை.

2
1993 மார்கழி. கனடாவில், மார்க்கம் நகரம் தாண்டி ஒரு சிறு ஊரில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு குதிரை வண்டி ஊர்வலம். (பனி கொட்டியது என்று எழுத ஆசை. வெறுங் குளிர்தான்.) ஆறு வயது மகள் நிலாணிக்கு ஒரு மாதமாக அதே கதை. தொழிற்சாலையில் எனக்கு லீவு கிடைத்த ஒரே ஞாயிறும் அதுதான்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. தன் மகளுக்கு, அதாவது என் மனைவி புனிதவதிக்கு, எழுதுவதையும் மாமா மருமகன் பெயருக்கே அனுப்புவார். அது அவருடைய மரியாதை. அதனால் பிரிப்பவன் நான். யாழ்ப்பாணத்தில் போன் இல்லாத காலம். கண்ணை டொக்டரிடம் காட்டக் கொழும்பு வந்திருப்பதாகவும், ஞாயிறு இரவு எட்டுக்குப் போனில் கோல் எடுப்பதாகவும், புனிதவதியின் குரலைக் கேட்க வேண்டும் போலிருப்பதாகவும் எழுதியிருந்தார். அவருடைய எட்டு மணி எங்களுக்குக் காலை ஒன்பதரை. நாங்கள் ஒன்பதுக்குப் புறப்பட வேண்டும்.

சொன்னால் புனிதம் போனை விட்டு அசையமாட்டாள். லைன் கிடைக்காவிட்டால் நாள் முழுக்கக் காத்திருப்பாள். அடுத்த கிழமையும் எடுப்பார்தானே என்று நினைத்தேன். இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன். அது கிடந்து உறுத்தட்டும்.

3
வழியில் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். பார்த்தேன். ஹைவேயில் ஏறும்போது ஒன்பதரை.

ஊர்வலத்தில் குதிரைகளின் கழுத்தெல்லாம் மணி.

"அம்மா, லுக், குதிரை ரோட்டிலை கக்கா இருக்குது," என்றாள் நிலாணி.

புனிதம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். "இஞ்சேருங்கோ, ஒரு படம் எடுங்கோ. அப்பாவுக்கு அனுப்புவம்."

எடுத்தேன். 

4
மாமா பிறகு கோல் எடுக்கவில்லை. ஊர் திரும்பியவர் அடுத்த ஆவணியில் காலமானார். செய்தி சொன்ன உறவினர், அவர் கொழும்பு வந்துபோனதையும் சொல்லிவிட்டார்.

"கொழும்பு வரைக்கும் வந்தவர், எனக்கொரு கோல் எடுக்கேல்லையே," என்றாள் புனிதம். "அவருக்கு என்ரை நினைப்பே இல்லை."

அப்போதாவது நான் அவளிடம் —

(கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.)

இப்போதும் தகப்பனின் பேச்சு வந்தால் அவள் முகம் இறுகிவிடும். அந்தக் கோபம் என்மேல் வர வேண்டியது. செத்த மனிதர் எனக்காகச் சுமக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5
வேறு முடிவு: நாங்கள் வீட்டிலேயே இருக்கிறோம், நிலாணி அழுகிறாள், ஒன்பதரைக்குப் போன் அடிக்கிறது. எழுதிப் பார்த்தேன். மாமாவுக்கு என்ன வசனம் கொடுப்பது? மகளிடம் அவர் என்ன சொல்ல இருந்தார் என்று எனக்குத் தெரியாதே. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: கதையை அவளிடமே கொடுப்பது. நான் எழுதுவதையெல்லாம் நல்ல தாளில் பிரதி எடுப்பவள் அவள்தான். முடிவை நீங்களே போடுங்கள் என்று உங்களிடம் தள்ளிவிடலாம், வாசகரே. ஆனால் இந்தக் கதைக்கு உங்களுக்கு முன்னால் ஒரு வாசகி இருக்கிறாள்.

இதோ, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"முடிஞ்சுதோ? தாங்கோவன், படிச்சுப் பாப்பம்."

"இன்னும் முடியேல்லை," என்கிறேன்.